நார்னியா: புத்தகமும் படமும் – காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு வளவில் (வானம் பார்த்த நடு முற்றம்) வார இறுதிகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதைப் புத்தகம் வாசிக்கிறோம். வாசித்த கதை படமாக வந்திருந்தால் அதைப் பற்றியும் பேசுவது வழக்கம். சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா வரிசையை எடுத்ததிலிருந்து பெற்றோர், ஐயாக்கள், ஆயாக்கள் (தாத்தா பாட்டிகள்), பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கேள்வி. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில். சிலது தகவல், சிலது என் அபிப்பிராயம். எது எதுவென்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

நார்னியா கதை என்ன? ஒன்றுமே தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். லண்டனில் குண்டு விழுகிறது என்று பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நான்கு பிள்ளைகளைக் கிராமத்தில் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெரிய வீட்டில் ஒரு மர அலமாரி. உள்ளே தொங்கும் கம்பளிக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போனால் பனி பெய்யும் காடு. அதுதான் நார்னியா. ஒரு சூனியக்காரியின் பிடியில், எப்போதும் குளிர்காலமாகவே இருக்கும் நாடு. மிருகங்கள் பேசும். அஸ்லான் என்ற சிங்கம் திரும்பி வரும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

இது முதல் புத்தகம், 1950இல் வந்தது. 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக மொத்தம் ஏழு. லூயிஸ் 1898இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். பனி பெய்யும் காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்து போகும் ஓர் ஆட்டுக்கால் மனிதனின் உருவம் பதினாறு வயதிலிருந்தே மனதில் இருந்ததாகவும், கதை அதிலிருந்துதான் கிளம்பியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். போரின்போது அவர் வீட்டிலும் லண்டன் பிள்ளைகள் வந்து தங்கியிருந்தார்கள்.

எத்தனை படம் வந்திருக்கிறது?

சினிமாவாக வந்து உலகம் முழுக்க ஓடியவை மூன்று. 2005இல் ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’, 2008இல் ‘பிரின்ஸ் காஸ்பியன்’, 2010இல் ‘தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்’. முதல் இரண்டையும் ‘ஷ்ரெக்’ எடுத்த ஆண்ட்ரூ ஆடம்சன் இயக்கினார், மூன்றாவதை மைக்கேல் ஆப்டெட்.

அதற்கு முன்னால் தொலைக்காட்சியில் வந்தவை தனி. 1967இல் பிரிட்டனில் ஒரு தொடர், 1979இல் பில் மெலண்டஸ் இயக்கிய கார்ட்டூன், 1988 முதல் 1990 வரை பிபிசி தொடர். பிபிசி தொடரில் அஸ்லான் ஒரு பெரிய பொம்மை, உள்ளே ஆட்கள் இருந்து இயக்கினார்கள். இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

எந்த வரிசையில் படிப்பது? கடையில் வாங்கிய பெட்டியில் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ முதல் புத்தகம் என்று இருக்கிறதே?

கதைக்குள் நடக்கும் காலப்படி அது முதலாவதுதான். நார்னியா எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்கிறது. ஆனால் அது எழுதி வெளிவந்தது 1955இல், ஆறாவதாக. 1957இல் ஒரு அமெரிக்கச் சிறுவன் இதைப் பற்றிக் கேட்டபோது கதைக்காலப்படி படிப்பதே தனக்கும் பிடித்திருக்கிறது என்று லூயிஸ் பதில் எழுதினார், ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார். 1990களில் பதிப்பாளர்கள் எண்களை மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

நாங்கள் வெளிவந்த வரிசையில்தான் படிக்கிறோம். அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று லூசிக்குத் தெரியாதபோது நமக்கும் தெரியக்கூடாது. அவ்வளவுதான் காரணம்.

லூயிஸ் தன் கதை படமாவதை விரும்பினாரா?

மனிதர்கள் நடித்துப் படமாவதை விரும்பவில்லை. 1959இல் பிபிசியில் இருந்த ஒருவர் வானொலி நாடகமாக்கியபோது சம்மதித்தார். ஆனால் தொலைக்காட்சி என்றதும் அடியோடு மறுத்தார். ஒரு மனிதன் சிங்கத்தோல் போர்த்திக்கொண்டு அஸ்லானாக வந்து நின்றால் அது தெய்வ நிந்தனை போலத்தான் தனக்குப் படும் என்று கடிதம் எழுதினார். கார்ட்டூன் என்றால் யோசிக்கலாம் என்றார், ஆனால் வால்ட் டிஸ்னியின் ரசனை மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவர் 1963இல் இறந்தார். 2005இல் படத்தை வெளியிட்டது அதே டிஸ்னி நிறுவனம். தயாரிப்பாளர்களில் ஒருவர் லூயிஸின் மனைவியுடைய மகன் டக்ளஸ் கிரெஷாம்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. 1959இல் சிங்கத்தைத் திரையில் பேசவைக்க வேறு வழியே இல்லை. 2005இல் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முடியாக வரைந்து சிங்கத்தை உண்டாக்கினார்கள், லியம் நீசன் குரல் கொடுத்தார். அஸ்லானுக்கு வேலை செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம்தான் பிறகு புதுச்சேரிப் பையன் கதையான ‘லைஃப் ஆஃப் பை’யில் புலியையும் செய்தது. அந்தப் புலிக்கு 2013இல் ஆஸ்கர் கிடைத்தது, அதே மாதத்தில் நிறுவனம் திவாலானது. சிங்கமும் புலியும் செய்து கொடுத்தவர்கள் நிலைமை அப்படி ஆனது.

முதல் படம் ஏன் அவ்வளவு ஓடியது?

சுமார் 18 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க 74 கோடிக்கு மேல் வசூல். ஒப்பனைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. கிறிஸ்துமஸை ஒட்டி வெளியிட்டார்கள், கதையிலும் பனி, கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் உண்டு. நார்னியா வரிசையில் அதிகம் பேருக்குத் தெரிந்ததும் இந்தப் புத்தகம்தான்.

ஆனால் எனக்குப் பெரியதாகப் படும் காரணம் வேறு. புத்தகத்தில் குறைவாக இருந்ததைக் கூட்டிய இடத்திலும் படம் கதையின் உள்ளேயே இருந்தது. உதாரணத்துக்கு, லண்டனில் குண்டு விழுவதைப் புத்தகம் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடும். படம் அங்கேதான் தொடங்குகிறது. வானத்தில் விமானங்கள், ஓட்டம், பதுங்குகுழி, அப்பாவின் படத்தை எடுக்கத் திரும்பி ஓடும் எட்மண்ட், அவனைத் திட்டும் அண்ணன். பின்னால் எட்மண்ட் சூனியக்காரி பக்கம் சாய்வது ஏன் என்பதற்கு அந்த இரண்டு நிமிடம் வேர் போட்டுவிடுகிறது. புத்தகத்தில் அவன் இனிப்புக்கு ஆசைப்பட்டுக் கெட்டுப்போனான் என்றுதான் தோன்றும். படத்தில் அவன் அப்பா இல்லாத வீட்டில் அண்ணனிடம் திட்டு வாங்கும் பையன்.

இன்னொன்று: லூசியாக நடித்த ஜார்ஜி ஹென்லிக்கு அந்தப் பனிக்காட்டுச் செட்டைப் படப்பிடிப்புக்கு முன் காட்டவே இல்லை. கண்ணை மறைத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். திரையில் அந்தச் சின்ன முகத்தில் வரும் வியப்பு நடிப்பே இல்லை.

அப்புறம் ஏன் மற்ற இரண்டும் அந்த அளவுக்குப் போகவில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் பெரிய பதில் வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிக் காரணங்கள் எல்லோரும் சொல்வது. ‘காஸ்பிய’னுக்குச் செலவு சுமார் 22 கோடி டாலராக ஏறியது, வசூல் 42 கோடியை ஒட்டி நின்றது. வசூலில் கணிசமான பங்கைத் தியேட்டர்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், விளம்பரச் செலவு வேறு, ஆகவே அது தயாரிப்பாளருக்குச் சந்தோஷம் தரும் கணக்கல்ல. கிறிஸ்துமஸை விட்டுவிட்டு மே மாதத்தில், ‘அயர்ன் மேன்’ ஓடிக்கொண்டிருக்கும்போது, இண்டியானா ஜோன்ஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் இறக்கினார்கள். அந்த ஆண்டு முடிவில் டிஸ்னி விலகிக்கொண்டது. ஃபாக்ஸ் கைகொடுத்து மூன்றாவது படம் வந்தது, அதுவும் 41 கோடியோடு சரி.

உள் காரணம் ஒன்று இருக்கிறது. ஏழு புத்தகமும் ஏழு வகை. முதலாவது வேறு உலகத்துக்குள் நுழையும் கதை. இரண்டாவது, பழைய ராஜ்யம் இடிந்து கிடக்க, திரும்பி வந்தவர்களை யாரும் நம்பாத கதை. மூன்றாவது கடல் பயணம், தீவுக்குத் தீவு தனித்தனி அனுபவம். நான்காவது பூமிக்கடியில் காணாமல் போன இளவரசனைத் தேடுவது. ஐந்தாவது பாலைவனத்தைத் தாண்டி ஓடிவரும் பையனும் பேசும் குதிரையும். ஆறாவது உலகம் பிறப்பது, ஏழாவது உலகம் முடிவது. லூயிஸ் ஒருமுறை செய்ததை அடுத்த முறை செய்வதில்லை.

படக்காரர்கள் முதல் படத்தின் கடைசிச் சண்டையைப் பார்த்துக் கைதட்டிய கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போர்ப்படமாக்கப் பார்த்தார்கள். ‘காஸ்பிய’னில் பகைவன் கோட்டை மேல் பீட்டர் நடத்தும் இரவுத் தாக்குதல் புத்தகத்தில் இல்லவே இல்லை. சூசனுக்கும் காஸ்பியனுக்கும் காதல், முத்தம் எல்லாம் வேறு. கடல் பயணக் கதையில் போரே கிடையாது, என்ன செய்வது? பச்சைப் புகை என்று ஒரு தீய சக்தியைக் கொண்டுவந்து, ஏழு வாள்களைத் தேடிச் சேர்த்தால் அது ஒழியும் என்று கதை கட்டினார்கள். புத்தகத்தில் தேடுவது வாளை அல்ல, காணாமல் போன ஏழு பிரபுக்களை. அதுவும் சாக்குதான். அடுத்த தீவில் என்ன இருக்குமோ என்பதுதான் கதை. அந்த எதிர்பார்ப்பை எடுத்துவிட்டு வாள் கணக்கைப் போட்டால் பிள்ளைகள் எத்தனை வாள் ஆச்சு என்று எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் படத்திலும் ஒன்று உருப்படியாக வந்தது. சிடுமூஞ்சி யூஸ்டஸாக வரும் வில் போல்ட்டர். பேராசையால் டிராகனாக மாறிப்போகும் அந்தப் பையனை எங்கள் பிள்ளைகளுக்கு அஸ்லானை விடப் பிடித்திருக்கிறது.

கதையை இஷ்டத்துக்கு மாற்றலாமா? என் பையன் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்துவிட்டான்.

கோபிக்கட்டும், படித்தவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் 1939 முதல் கம்பன் விழா நடக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, முதல்நூலை மாற்றவே கூடாது என்று நாம் சொல்ல முடியாது. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப்போகிறான். மிதிலையில் இராமனும் சீதையும் மணத்துக்கு முன்பே கண்ணால் சந்திப்பது கம்பன் சேர்த்தது. விபீடணன் வாயில் இரணியன் கதையை ஒரு முழுப் படலமாக வைத்ததும் அவன்தான், தூணிலிருந்து நரசிங்கம் வருவது அங்கேதான்.

ஆகவே மாற்றியதைப் பற்றி வழக்கில்லை. மாற்றியபின் கதை தன் இயல்புக்குக் கிட்டே வந்ததா, தள்ளிப் போனதா என்பதுதான் வழக்கு. இன்னொரு நல்ல மாற்றத்தையும் சொல்லவேண்டும். புத்தகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா ஆயுதம் கொடுக்கும்போது, பெண்கள் சண்டையிடும் போர் அசிங்கமானது என்பார். படத்தில் போரே அசிங்கமானதுதான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். வில்வித்தை கற்கும் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும்போது அந்தத் திருத்தத்தின் அருமை தெரிகிறது.

‘பொன்னியின் செல்வ’னை இரண்டே பாகத்தில் முடித்தார்களே, இதையும் முடித்திருக்கலாமே?

வேடிக்கையாக, இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்தவை. 1950 அக்டோபரில் நார்னியாவின் முதல் புத்தகம் லண்டனில் வெளியானது, அதே அக்டோபரில் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது. ஆனால் கல்கி எழுதியது ஐந்து பாகத்தில் ஒரே கதை. வந்தியத்தேவன் முதல் பக்கத்தில் ஏறிய குதிரையிலிருந்து கடைசிவரை இறங்குவதில்லை. அதைச் சுருக்கலாம். நார்னியாவில் பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது புத்தகத்தோடு பீட்டரும் சூசனும் இனி வரமுடியாது, வயதாகிவிட்டது என்று அஸ்லான் சொல்லிவிடும். மூன்றாவதோடு லூசிக்கும் எட்மண்டுக்கும் அதே கதி. ரசிகர்கள் பழகிய முகங்களை இப்படிக் கழற்றிவிடும் தொடரைச் சேர்த்துத் தைப்பது கஷ்டம்.

மீதி நான்கு புத்தகம்?

‘தி சில்வர் சேர்’ பிபிசி தொடரில் வந்தது, சினிமாவாக முயன்றார்கள், நடக்கவில்லை. 2018இல் ஏழு புத்தகங்களுக்குமான உரிமையை நெட்ஃப்ளிக்ஸ் பெற்றது. ‘லிட்டில் விமன்’, ‘பார்பி’ எடுத்த கிரேட்டா கெர்விக் இப்போது ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வைக் கையில் எடுத்திருக்கிறார். அலமாரியை விட்டுவிட்டு உலகம் பிறக்கும் கதையிலிருந்து தொடங்குவது துணிச்சல். ‘லிட்டில் விம’னில் பழைய நாவலின் காலத்தைக் கலைத்துப் போட்டும் அதன் இயல்பைக் காப்பாற்றியவர் என்பதால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’தான் யாருக்கும் தலைவலி. அதில் தெற்கத்திப் பாலைவன நாட்டுக்காரர்களைத் தலைப்பாகையும் கறுப்புத் தோலும் கொடூரமுமாக எழுதியிருக்கிறார் லூயிஸ். அதை அப்படியே திரையில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

இது கிறிஸ்தவக் கதை என்கிறார்களே?

ஆமாம், லூயிஸ் அதை மறைக்கவில்லை. பேசும் மிருகங்களின் உலகம் ஒன்று இருந்து, அங்கே கிறிஸ்து வந்தால் எப்படி வருவார் என்று எண்ணிப்பார்த்ததாகச் சொன்னார். தெரிந்துகொண்டு படித்தால் போதும். பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்து வளரும் பிள்ளைகளுக்கு மிருக முகத்தில் தெய்வம் புதுசா என்ன?

எந்த வயதுப் பிள்ளைக்குக் காட்டலாம்?

எட்டு வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்மேடையில் சூனியக்காரியின் கூட்டம் அஸ்லானின் பிடரியைச் சிரைக்கும் காட்சியில் சின்னதுகள் அழும். பக்கத்தில் பெரியவர் யாராவது இருங்கள்.

பள்ளியில் படத்தைப் போட அனுமதி வேண்டுமா?

கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக, மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் திரையிடுவதற்கு இந்தியக் காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. டிக்கெட் போட்டு ஊரைக் கூட்டுவது வேறு விஷயம். எங்களைப் போன்ற வாசிப்புக் கூட்டம் பள்ளி ஆகாது, அதனால் நாங்கள் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லி வளவில் கூடிப் பேசுகிறோம். ஓடிடி சந்தாவின் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

இதைத் தமிழில் நாடகமாகவோ குறும்படமாகவோ நாமே செய்யலாமா?

இதுதான் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. இந்தியாவில் எழுத்துக்குக் காப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். லூயிஸ் இறந்தது 1963 நவம்பரில். ஆகவே 2023 முடிவோடு அவர் எழுத்துக்கு இந்தியாவில் காப்புரிமை முடிந்தது. பிரிட்டனில் 70 ஆண்டு, அங்கே 2033 முடியும்வரை இருக்கிறது. இணையத்தில் போட்டால் அங்கேயும் போய்ச் சேரும் என்பதை மறக்கவேண்டாம். புத்தகத்தில் இருக்கும் பாலின் பெய்ன்ஸ் ஓவியங்கள் இதில் சேராது, அவர் இறந்தது 2008இல். படங்களில் வரும் உடை, சிங்கத்தின் உருவம், இசை எதையும் எடுக்கக்கூடாது. நார்னியா என்ற பெயரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதற்கும் தனிச் சிக்கல் உண்டு. காசு புரளும் வேலையென்றால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

செட்டிநாட்டு வீட்டில் எடுத்தால் பொருந்துமா?

பொருந்தும் என்பது என் கட்சி. ஆங்கில நாவலை நம் பக்கத்து வீட்டில் குடிவைப்பது புதிதில்லை. ஜேன் ஆஸ்டினின் நாவலை ராஜீவ் மேனன் 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்று எடுத்தபோது அந்தக் குடும்பம் வாழ்ந்தது செட்டிநாட்டுப் பெரிய வீட்டில்தான். மாயாஜாலமும் நமக்குத் தூரமில்லை. காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ வைத்து 1947இல் ‘நாம் இருவர்’ எடுத்தார், அடுத்த ஆண்டே ‘வேதாள உலகம்’ என்று மந்திர தந்திரக் கதைக்குப் போனார்.

நம் வீடுகளில் முகப்பிலிருந்து பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல்வரை நேராகத் தெரியும். இருபுறமும் பங்காளிகளுக்கு ஆளுக்கோர் அறை. பாதி அறைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுடையவை, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும். அலமாரியே வேண்டாம், அந்த அறையின் கதவு போதும். திறந்தால் என்ன தெரியவேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். எங்கள் கூட்டத்தில் பனி என்று சொன்னவர்கள் குறைவு. மழை என்றார்கள், நிறையப் பேர் கடல் என்றார்கள். பர்மா, மலேயா என்று கப்பலேறிப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா.

நடைமுறையில் சில விஷயம். வளவில் உச்சிவெயில் நேராக இறங்கும்போது முகமெல்லாம் நிழலாகிவிடும், காலை ஒன்பதுக்கு முன்னாலோ மாலை நாலுக்கு மேலோ எடுங்கள். ஆத்தங்குடி ஓட்டுத் தரையில் விளக்குக் கம்பங்களை இழுக்காதீர்கள், கீறல் விழும். ஸ்டாண்டின் காலுக்கடியில் சாக்குப் போடுங்கள். வீட்டில் இருக்கும் ஆச்சி சரி என்றால் மட்டும் போதாது, அறை யாருடையதோ அந்தப் பங்காளியிடம் போனிலாவது கேட்டுவிடவேண்டும். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வீடு நிறையும் நாட்களைத் தவிர்த்துவிட்டுத் தேதி கேளுங்கள்.